பார்த்திபனிடம் சாவியைக் கொடுக்கும் முன்

மகனே,

உன் மெயிலைப் படித்ததும் எனக்கு வந்த முதல் ஆசை, பெங்களூருக்குப் பஸ் ஏறி வந்து உன் கன்னத்தில் பளாரென்று ஒன்று கொடுப்பதுதான். அடுத்த மாதம் கடல் தாண்டிப் போகிற பிள்ளையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். "பார்த்திபனோட வேலையைப் பாரும்மா, ஆளைப் பாக்காத. அப்பா அவரை எப்பவோ மன்னிச்சுட்டாரு. நீ மட்டும் சரின்னு ஒரு வார்த்தை போட்டுட்டா நான் நிம்மதியா கெளம்புவேன்" என்று எழுதியிருக்கிறாய். இதை எனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எல்லாரும் படிக்கிற நம் மெயில் குழுவில் எழுதினாய். திட்டத்து விஷயம் எதையும் மறைவில் பேசக்கூடாது என்று விதி போட்டவனே நீதான் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிலும் அங்கேதான் வரும். பார்த்திபனும் படிக்கட்டும், முகம் தெரியாதவர்களும் படிக்கட்டும். எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். பட்டுப்புடவையின் கரையிலும் முந்தியிலும் மயிலும் மாங்காயும் வர வேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகளை மாட்ட வேண்டும். எந்த அட்டையில் எங்கே துளை என்று கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டுவது உன் அப்பாவின் தொழில். அதைப் பார்த்து அட்டை குத்துவது என் தொழில். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து இரண்டையும் நடத்தினோம். ஊருக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது, அந்தக் கட்டத்தாளைத் தானே போட்டுத் தரும் சாஃப்ட்வேர் என்று ஒரு முதலாளி விற்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டுச் சில்லைச் செருகினால்தான் அது ஓடும். சில்லு கெட்டால் அவர் வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நீ அப்போது ஏனாத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். "இதுல இன்னாமா பெரிய வித்தை இருக்குது, நானே எழுதிக் காட்றேன் பாரு" என்றாய். எழுதியும் காட்டினாய். அதோடு விட்டாயா? தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலின் பேரையே எடுத்து 'பாவு' என்று வைத்து, உள்ளே எழுதியிருக்கிற கோட் வரிகள் முழுவதையும் இன்டர்நெட்டில் தூக்கிப் போட்டாய். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கிறவர் அதையும் இதே போலத் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் எதற்கடா சும்மா அள்ளிக் கொடுக்கிறாய் என்று நான் கத்தினேன். எனக்கு அன்று பாதிகூடப் புரியவில்லை.

முதலாளிக்கு நன்றாகப் புரிந்தது. அவருக்கு அந்தப் பூட்டுச் சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவன் பார்த்திபன். தன்னுடைய கோட் வரிகளைத்தான் நீ திருடி ஊருக்கு இறைத்துவிட்டாய் என்று அவன் நம்பினான். அன்று நடந்ததை உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதே இல்லை. உனக்குப் பரீட்சை நேரம். பார்த்திபன் கடைக்கு வந்து தகராறு, அப்பாவுக்குக் கையில் அடி என்று இரண்டு வார்த்தையில் மூடிவிட்டோம். அதனால்தான் உனக்கு மன்னிப்பு இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. இப்போது கேள்.

முற்பகல் நேரம். தெருவெல்லாம் தறிச் சத்தம். பார்த்திபன் ஆட்களோடு உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டான். "எவன்டா என் புரோகிராமைத் திருடனது? எங்கடா உன் புள்ள?" என்றான். உன் அப்பா எழுந்து, "உக்காருப்பா, பேசிக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியையே எடுத்து அவர் முகத்தில் அடித்தான். கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியது. மானிட்டரைத் தூக்கித் தரையில் போட்டார்கள். நான் குத்தி அடுக்கி வைத்திருந்த அட்டைக் கட்டுகளைக் கிழித்துக் காலால் மிதித்தார்கள். தடுக்கப் போன என்னை ஒருத்தன் முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் உதைத்தான். நான் பார்த்திபனின் முன்கையைக் கவ்விக் கடித்தேன். ரத்தம் வாய்க்குள் வந்தது, விடவில்லை. என் தலையைச் சுவரில் மோதிய பிறகுதான் விட்டேன். அதில்தான் என் முன்பல் போயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

அப்புறம் இரண்டு பேர் உன் அப்பாவைப் பிடித்து, அவர் வலது கையை அட்டை குத்துகிற இரும்புப் பலகை மேல் விரித்து வைத்தார்கள். "இந்தக் கைதானே என் டிசைனைப் பாத்துப் பாத்து வரைஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, பார்த்திபன் இரும்புப் பைப்பை ஓங்கி இறக்கினான். பச்சை மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் ஓங்கினான். உன் அப்பா கத்தவில்லை. நின்ற இடத்திலேயே வேட்டியெல்லாம் நனைந்துபோயிற்று, அப்படியே சரிந்தார். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் போட்டு, பக்கத்து வீட்டுக் குழவிக்கல்லைத் தூக்கி வந்து நசுக்கினார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு சிரித்தேன். "ஒடைடா, நல்லா ஒடை! அது இதுக்குள்ள இல்லடா கயவாளி! ஊரு ஊரா கெடக்குதுடா, போயி ஒவ்வொரு ஊரா ஒடைச்சுக்கினு வா!" என்றேன். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னையே பார்த்தான். சுற்றுவட்டத் தறிக்காரர்கள் ஓடி வரவும் சிதறி ஓடினார்கள். கேஸ் நிற்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. உன் அப்பாவுக்கு இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறார், கட்டத்தாள் பக்கமே போவதில்லை.

நான் சொன்னது பொய்யில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. சேலத்திலிருந்து யாரோ ஒரு பிள்ளை பாவு முழுவதையும் சிடியில் எழுதித் தபாலில் அனுப்பினான். நான் அதற்குள் இறங்கியது ஆசையினால் இல்லை, ஆத்திரத்தினால். எதற்காக என் புருஷன் கையை உடைத்தார்களோ அதை உடைக்க முடியாதபடி வளர்த்துக் காட்ட வேண்டும் என்று வெறி. உன்னிடமே கேட்டுக் கேட்டுக் கோட் எழுதப் பழகினேன்; அட்டை குத்தும் மெஷினோடு பாவு பேசுகிற பகுதியை நான்தான் கவனித்தேன். நீ எனக்கும் சாவி கொடுத்தாய். சாவி என்றால் வேறொன்றுமில்லை. கோட் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். வந்த திருத்தத்தைப் பொதுவில் வைத்துக் கிழிகிழியென்று கிழித்து, தேறினால் உள்ளே சேர்க்கிற பாஸ்வேர்டு சிலரிடம் மட்டும் இருக்கும். அவர்கள்தான் சாவிக்காரர்கள். உனக்குப் பின்னால் எல்லாவற்றையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு தலைச் சாவிக்காரர் வேண்டும். இப்போதைய பிரச்சினை அதுதான். போகிற கம்பெனி வெளி வேலை செய்யக்கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டது என்கிறாய்.

சண்டைக்கு நம் குழுவில் என்றைக்குக் குறைவு? கோயில் யானைக்குப் போடுகிற நாமத்துக்குப் பாதம் வைப்பதா வேண்டாமா என்று கட்டிப் புரண்ட ஊர் இது. வரியைத் தள்ளி எழுதுவதற்கு ஸ்பேஸா டேபா என்று நீங்கள் போட்ட சண்டை அதற்குச் சற்றும் இளைத்ததில்லை. ஒருத்தன் இன்னொருத்தனை வெட்டுவேன் என்று எழுதினான். ஒரு கோஷ்டி கோட் முழுவதையும் பிரதி எடுத்துக்கொண்டு வேறு பேரில் தனிக்குடித்தனம் போயிற்று. நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். "போனா போவட்டும் விடுடா, அவங்க நல்லதா எதாவது பண்ணா நாமளும் எடுத்துக்கலாமே, தொறந்துதானே கெடக்குது" என்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். புத்திசாலி ஒருத்தன் அனுப்பிய திருத்தத்தைத் திரையில் பார்த்து எல்லாரும் கை தட்டினோம். தறியில் ஏற்றினால் இரண்டு கரையிலும் மயில்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றை ஒன்று பார்க்க வேண்டியவை, கல்யாணப் புடவையடா அது! தறிக்காரர் குறுக்குநூல் ஓட்டுகிற நாடாக் கட்டையைத் தூக்கி என் மேல் எறிந்தார். அன்றைக்கு நான் போட்ட விதிதான், தறியில் ஏற்றி ஒரு சாண் நெய்து பார்க்காத திருத்தம் உள்ளே வரக்கூடாது என்பது. உலகத்தில் வேறெந்தக் கோட்டுக்காரர்களும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நீ சிரித்தாய். ஆனால் ஏற்றுக்கொண்டாய்.

மற்ற விதிகள் உன்னுடையவை. எந்தச் சாவிக்காரரும் 'வேண்டாம்' என்று சொல்லித் தடுக்கலாம், ஆனால் காரணம் வேலையிலிருந்து வர வேண்டும். ஆளின் ஜாதி, ஊர், மூஞ்சி, வாய் இவையெல்லாம் காரணமாகாது. யாருடைய வேலை பாவுவோடு சேர்ந்து வெளியே போகிறதோ, அவர் பேர் உழைத்தவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். தலைச் சாவி கைமாறும்போது பட்டியலில் இருக்கிற அத்தனை பேரையும் கேட்க வேண்டும். என் வயிற்றில் பிறந்ததா இதை எழுதியது என்று அன்றைக்குப் பூரித்துப்போனேன்.

அப்படியிருக்கும்போதுதான் 'முந்தி' என்ற புனைபெயரில் ஒருத்தன் குழுவுக்கு வந்தான். மெஷின் பகுதியில் நான் மாதக்கணக்கில் கட்டி அழுத ஒரு கோளாறை வந்ததும் சரி செய்தான். வாய் நீளம். என் கோட் வரிகளைப் பார்த்து, "இன்னாமா இது, நூல் சிக்குன மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க" என்றான். "கண்ணு பொடனியிலயா இருக்குது உனக்கு, ஒழுங்கா படிச்சுட்டுப் பேசு" என்று நானும் விட்டேன். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? தம்பி என்றுதான் கூப்பிட்டேன். நீ ஆள் தேடியபோது, இவனை விட்டால் வேறு யாரும் இல்லை என்று அவன் பேரை முன்மொழிந்தவளே நான். தலைச் சாவி வாங்குகிறவர் சொந்தப் பேரையும் ஊரையும் சொல்ல வேண்டும் அல்லவா? அவன் எழுதினான்: "என் பேரு பார்த்திபன். ஊரு தென்னேரி. நான் யாருன்னு அம்மாவுக்குத் தெரியும். எல்லாரும் தெரிஞ்சுக்கினு அப்புறமா முடிவு பண்ணுங்க." கீபோர்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். எழுத்தெல்லாம் அரிசி மாதிரி சிதறியது. உள்ளேயிருந்து உன் அப்பா, "இன்னாமா ஒடைஞ்சுது?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சில நாள், அவன் அனுப்பிய திருத்தம் ஒவ்வொன்றையும் பேன் பார்ப்பது போலப் பார்த்தேன். வேலையில் ஓட்டை கிடைத்தால் போதும், 'வேண்டாம்' என்று போட்டுவிடலாம். பாவி, ஒரு ஓட்டை வைக்கவில்லை. ஆத்திரம் தலைக்கேற, அட்டைக் கட்டைத் தட்டுகிற மரச்சுத்தி, அந்தக் கொட்டாப்புளியைக் கூடையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் போய்த் தென்னேரிக்குப் பஸ் மாறினேன். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். முன்கையில் என் பல் வரிசை அப்படியே இருந்தது. "வாங்கம்மா" என்று எழுந்தான். கொட்டாப்புளியால் தோளில் ஓங்கி அடித்தேன். மண்டி போட்டு விழுந்தான். முதுகில் அடித்தேன். எலும்பில் பட்ட அதிர்ச்சி என் தோள் வரைக்கும் வந்தது. இன்னும் அடி என்று கை கேட்டது, அடித்தேன். அவன் தடுக்கவே இல்லை. எழுந்து வந்து, வலது கையை எடுத்து மேஜை மேல் தானாக விரித்து வைத்தான்.

நான் ஓங்கினேன். இறக்க முடியவில்லை. இரக்கம் என்று நினைக்காதே. உன் அப்பா கையை அவர் கொடுக்கவில்லை, பிடித்து வைத்தார்கள். இவனாகக் கொடுக்கிற கையை உடைத்தால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடுமா என்று வயிறெரிந்தது. கொட்டாப்புளியைத் தரையில் வீசினேன். "ஏன்டா வந்த? எங்களை விட்டா ஒலகத்துல வேற ஆளே கெடைக்கலியாடா உனக்கு?" என்று கேட்டேன். "திருடனீங்கன்னு நிரூபிக்கத்தான்மா எடுத்துப் படிச்சேன். தொறந்துதானே கெடந்துது. வரி வரியா ஒப்பிட்டுப் பாத்தேன். ஒரு வரிகூட என்னுது இல்ல. அன்னிக்கு அடிக்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்கலாம், படிக்கல" என்றான். அப்புறம் அவனே, "பாவுகூட வர சாம்பிள் டிசைன்லாம் யாரு வரைஞ்சதும்மா? அந்த யாளி, அந்தச் சக்கரம்? அதுல மட்டும் பேரே போடலயே. அவரு கைதானே?" என்று கேட்டான். கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆமாம்டா, அவர் கைதான். நீ முதன்முதலில் பாவுவைச் சோதிக்க வீட்டில் கிடந்த கட்டத்தாள்களை எடுத்து ஸ்கேன் செய்து போட்டாயே, அவைதான் இன்றுவரை ஒவ்வொரு வெளியீட்டோடும் உலகமெல்லாம் போகின்றன. கோட் எழுதியவன் பேர், எழுத்துப்பிழை திருத்தியவன் பேர், சிடி அனுப்பியவன் பேர் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. அவர் பேர் இல்லை. எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'முந்தி' என்று எழுதியவன் யார் என்பதை, உன் மெயிலை, தென்னேரியில் நான் அடித்ததை. நம் வீட்டில் கோபம் என்னுடைய சொத்து என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? இடது கையால் காப்பி டம்ளரை எடுத்துக் கதவில் விட்டெறிந்தார். காப்பி வழிந்த கதவைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "நான் மன்னிச்சேன்னு எவன் சொன்னது? எப்பச் சொன்னேன்? பேசாம இருந்தா மன்னிச்சுட்டேன்னு அர்த்தமா? ஊரெல்லாம் உக்காந்துக்கினு என் கையைப் பத்திப் பேசிக்கினு இருக்கீங்க. நான் பெத்த புள்ளையும் பேசறான், நீயும் போயி அடிச்சுட்டு வரே. கை என்னுதும்மா!" "அப்போ வேணாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். "அதையும் நான் சொல்லல. உங்கிட்ட சொல்ல மாட்டேன். கேக்க வேண்டியவன் வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த மடங்காத விரல்களால் டம்ளரைப் பொறுக்க முயன்று முடியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எத்தனை வருஷத்து அழுகையோ தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகவே என் ஓட்டு 'வேண்டாம்'. காரணம் வேலையிலிருந்து வர வேண்டும் என்பது உன் விதி, வேலையிலிருந்தே சொல்கிறேன். பாவுவோடு போகிற டிசைன்கள் அத்தனையையும் வரைந்தவர் பேர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்க வேண்டிய ஓர் ஆளைக் கேட்காமல் தலைச் சாவி கைமாற முடியாது. உலகத்துக்கே திறந்து வைத்த பிள்ளை, வீட்டில் இருக்கிற மனிதரிடம் அவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மன்னித்துவிட்டார் என்று நீயே எழுதி, நீயே கையெழுத்தும் போட்டுவிட்டாய். முதலில் அவர் பேரைப் பட்டியலில் போடு. அப்புறம் கேள். அவர் சரி என்றால் என் ஓட்டும் சரி, அந்த நிமிஷமே மாற்றிப் போடுவேன். வேண்டாம் என்றால், ஆள் இல்லாமல் பாவு படுத்துவிடும் என்று என்னிடம் அழாதே. படுக்கட்டும். திறந்து கிடப்பதை என்றைக்காவது வேறு யாராவது தூக்கி நிறுத்துவார்கள்.

பார்த்திபா, நீயும் படித்துக்கொண்டிருப்பாய். என் அடிக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீயும் எதிர்பார்க்க மாட்டாய். நீயும் வா. வாசலில் நில். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம்.

மகனே, குழுவில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மெயிலில் எழுதிக் கேட்டுவிட்டாய். உன் அப்பாவுக்கு மெயில் கிடையாது. நேரில் வா.

உன் அம்மா